அரசு சொல்லும் கணக்கை அரசின் தாள்களாலேயே சோதிப்பது எப்படி?

2019 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தியின் 150-ஆவது பிறந்தநாளில், கிராமப்புற இந்தியாவில் திறந்தவெளியில் மலம் கழிப்பது ஒழிந்துவிட்டது என்று ஒன்றிய அரசு அறிவித்தது. அந்த ஆண்டு தொடங்கி 2021 வரை களத்தில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வோ, நாட்டில் 19 விழுக்காட்டுக் குடும்பங்கள் எந்தக் கழிப்பறையையும் பயன்படுத்தவில்லை என்று பதிவு செய்தது. இரண்டும் அரசின் எண்கள்தான். முதலாவது, கட்டி முடித்ததாகப் பதிவான கழிப்பறைகளை எண்ணியது. இரண்டாவது, வீடு வீடாகப் போய் "நீங்கள் எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டது. கட்டிய கழிப்பறையில் விறகு அடுக்கியிருந்தால் முதல் கணக்குக்கு அது தெரியாது, இரண்டாவது கணக்குக்குத் தெரியும்.

அரசு சொல்வதைக் கேள்வி கேட்பது என்றாலே எதிர்க்கட்சி மேடை, கோபமான முழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். நடைமுறையில் ஓர் அரசுக் கூற்றை அசைப்பது பெரும்பாலும் இன்னோர் அரசுத் தாள்தான். அரசு என்பது ஒரே வாய் அல்ல. பணம் கொடுத்த அலுவலகம் ஒரு பதிவேடு வைத்திருக்கும், பொருள் வாங்கிய அலுவலகம் இன்னொன்று, அளந்து பார்த்த பொறியாளர் மூன்றாவது. மூன்றும் ஒத்துப்போனால் கணக்கு சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒத்துப்போகாத இடத்தில் கேள்வி தானாகவே பிறக்கும், அதைக் கேட்கக் குரலை உயர்த்தவும் வேண்டியதில்லை.

அரசு வாக்கியங்களைப் படிக்கும்போது பெயரடைகளைவிட வினைச்சொல்லைக் கவனிப்பது நல்லது. 2021 ஜூலை 20 அன்று, இரண்டாம் அலையில் ஆக்சிஜன் பற்றாக்குறையால் நேர்ந்த மரணங்கள் பற்றி மாநிலங்களவையில் கேட்டபோது, அவ்வாறான மரணம் எதுவும் மாநிலங்களால் குறிப்பாகத் தெரிவிக்கப்படவில்லை என்று ஒன்றிய சுகாதாரத் துறை பதில் தந்தது. அந்த வாக்கியம் சொன்னது மரணம் நிகழவில்லை என்பதை அல்ல, தெரிவிக்கப்படவில்லை என்பதை மட்டுமே. மாநிலங்கள் அனுப்பும் படிவத்தில் அப்படி ஒரு காரணம் எழுத இடம் இருந்ததா என்பதுதான் அடுத்து கேட்கவேண்டிய கேள்வி. "மனுக்கள் முடித்துவைக்கப்பட்டன" என்பதும் இதே வகை. நிராகரித்து ஒரு வரி பதில் அனுப்பினாலும் பதிவேட்டில் அது முடித்துவைத்த மனுதான். எத்தனை ஏற்கப்பட்டன, எத்தனை தள்ளப்பட்டன, எத்தனை வேறு அலுவலகத்துக்கு மாற்றப்பட்டன என்று பிரித்துக் கேட்காதவரை அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

பெரிய விவகாரங்களில் இந்தச் சோதனைக்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு வாச்சாத்தி ஒரு கசப்பான அளவுகோல். 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்தின் அந்த மலையடிவார ஊரில் நடந்தது சந்தனக்கட்டைத் தேடுதல் மட்டுமே என்பது அதிகாரத் தரப்பின் கதை. ஊரைத் தாக்கினார்கள், பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள் என்பது மக்களின் புகார். மத்தியப் புலனாய்வுத் துறை குற்றம் சாட்டிய 269 அரசு ஊழியர்களில் தீர்ப்புக்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது. சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பரில். முப்பத்தொரு ஆண்டுகள்! ஆனால் எல்லாக் கேள்விக்கும் இவ்வளவு காலம் தேவையில்லை. ஊராட்சியின் தண்ணீர்த் தொட்டிக்கும் தெருவிளக்குக்கும் சிமெண்ட் சாலைக்கும் ஒருசில மாதங்களில் விடை கிடைக்கும். பழகவேண்டிய இடமும் அதுதான்.

ஊராட்சிக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடவேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்பு நான்காக இருந்ததை 2022-இல் ஆறாக்கினார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். யாரும் அழைக்கவேண்டியதில்லை, யாரும் அனுமதிக்கவும் வேண்டியதில்லை. பொதுநிதி வரவு செலவு ஒவ்வொரு கூட்டத்திலும் பொருளாக வரும். ஆண்டுக் கணக்கின் சுருக்கத்தைப் 'படிவம் 30' என்பார்கள். அதை மக்கள் பார்வைக்குப் பேனராக வைக்கவேண்டும் என்று கூட்டத்துக்கு முந்தைய சுற்றறிக்கைகளில் சொல்வது வழக்கம். பேனர் இருந்தால் முதல் வேலை அதைத் தெளிவாகப் படம் எடுப்பது. இல்லையென்றால், பேனர் இல்லை என்பதையே அன்றைய கூட்டத்தில் பதிவு செய்யச் சொல்லவேண்டும்.

படிவம் 30-இல் இருப்பவை மொத்தத் தொகைகள்: குடிநீர்ப் பராமரிப்பு இவ்வளவு, தெருவிளக்கு இவ்வளவு, சுகாதாரம் இவ்வளவு. மொத்தத் தொகையை முறைத்துப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதை அளவாக மாற்றவேண்டும். பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். "குடிநீருக்கு மூன்று லட்சமா?" என்று கேட்டால் "மோட்டார் ரிப்பேர், பைப் உடைப்பு, எல்லாம் சேர்த்துத்தான்" என்று செயலர் சொல்லிவிடுவார், கேள்வி அத்தோடு முடிந்துபோகும்.

பிளீச்சிங் பவுடரை எடுத்துக்கொள்வோம். மேல்நிலைத் தொட்டிக்கு 1,000 லிட்டருக்கு சுமார் 4 கிராம் என்பது நடைமுறை அளவு. தொட்டி 30,000 லிட்டர், நாளைக்கு இரண்டு முறை நிரப்புகிறார்கள் என்றால் 60,000 லிட்டருக்கு 240 கிராம். ஆண்டுக்கு 87.6 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டையில் நான்கு மூட்டை போதும். செலவுச் சீட்டில் இருபது மூட்டை இருந்தால் மீதி எங்கே போனது என்று கேட்கலாம். சாக்கடைக்கும் காய்ச்சல் தடுப்புக்கும் தெளித்ததாகப் பதில் வரும். அது உண்மையாகவும் இருக்கலாம், ஆகவே இருப்புப் பதிவேட்டைக் கேட்கவேண்டும். எந்தத் தேதியில் எத்தனை கிலோ எந்தத் தெருவுக்கு எடுத்தார்கள் என்று அதில் இருக்கவேண்டும். இதற்கு நேர்மாறான நிலை இன்னும் மோசம். ஆண்டு முழுவதற்கும் ஒரே மூட்டைதான் வாங்கியிருக்கிறார்கள் என்றால் பணம் மிச்சம் என்று பாராட்டக்கூடாது, தண்ணீரில் குளோரின் இல்லை என்று பொருள். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் கேட்கிறது. தெருக்கோடிக் குழாயில் எடுத்த தண்ணீரைக் குளோரின் அளவு காட்டும் குளோரோஸ்கோப் என்ற சிறு கருவியில் சோதித்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தொட்டியைக் கழுவிய தேதியைத் தூணில் எழுதவேண்டும் என்பதும் நடைமுறை. அந்தத் தேதி எப்போது மாறுகிறது என்று பார்த்துவருவதற்குச் செலவே கிடையாது.

தெருவிளக்குக் கணக்கு இன்னும் எளிது. 200 எல்.இ.டி. விளக்குகள், ஒன்று 20 வாட், இரவு 12 மணி நேரம். நாளைக்கு 48 யூனிட், மாதத்துக்கு 1,440. மின்வாரிய ரசீதில் 3,000 யூனிட் இருந்தால் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். பழைய குழல்விளக்கு இன்னும் தொங்குகிறது, ஆனால் எல்.இ.டி. மாற்றியதாகப் பில் போட்டிருக்கிறார்கள். அல்லது விளக்குகள் பகலிலும் எரிகின்றன. அல்லது அந்த மீட்டரில் வேறு எதுவோ ஓடுகிறது. இரவில் ஒரு நடை நடந்து கம்பங்களை எண்ணி, எரிவது எத்தனை, எரியாதது எத்தனை என்று குறித்துக்கொண்டால் கணக்கின் பாதி கையில் இருக்கும். மீதிப் பாதி ரசீது.

சாலை விஷயத்தில் மதிப்பீட்டை, அதாவது எஸ்டிமேட்டைக் கையில் வைத்துக்கொள்ளாமல் பேசக்கூடாது. 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனம் என்று மதிப்பீட்டில் இருந்தால் கான்கிரீட் 45 கனமீட்டர். உண்மையில் 10 செ.மீ. போட்டிருந்தால் 30 கனமீட்டர், மூன்றில் ஒரு பங்கு இல்லை. எம்20 எனப்படும் கலவையை, சிமெண்ட், மணல், ஜல்லி 1:1.5:3 என்ற விகிதத்தில் போட்டால் ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 8 மூட்டை சிமெண்ட். அந்தச் சாலையில் சுமார் 120 மூட்டை சாலைக்குள் போகவில்லை என்று ஆகிறது. ஓரத்தை மட்டும் டேப்பால் அளந்துவிட்டு "சரியாத்தான் இருக்கு" என்று திரும்பிவிடக்கூடாது. ஓரத்தில் பலகை அடித்து முழுக் கனம் காட்டிவிட்டு நடுவில் மண்ணை மேடாக விட்டுவிடுவது பழைய வித்தை. நடுவில் துளையிட்டு உருளை எடுத்துப் பார்க்கும் கோர் சோதனைதான் அதைக் காட்டும். அதைச் செய்யச் சொல்லிக் கேட்கலாம், கம்பியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு நாமே சாலையைக் குடையக்கூடாது. குடைந்தால் பொதுச்சொத்தைச் சேதப்படுத்திய வழக்கில் வருவது நம் பெயர், ஒப்பந்ததாரரின் பெயர் அல்ல.

ஒரு எச்சரிக்கை. தொகை கூடுதலாகத் தெரிந்த உடனே ஊழல் என்று எழுதிவிடவேண்டாம். மதிப்பீட்டில் ஜி.எஸ்.டி., 1 விழுக்காடு தொழிலாளர் நலநிதி, மணல் ஜல்லி கொண்டுவரும் தூரத்துக்கான கூடுதல் எல்லாம் சேர்ந்திருக்கும். கடையில் மூட்டை என்ன விலை என்பதைப் பொதுப்பணித் துறையின் விலைவிகிதப் பட்டியலோடு நேரடியாக ஒப்பிட முடியாது. மார்ச் 31-க்குப் பிறகு பணம் பட்டுவாடா ஆன வேலை அடுத்த ஆண்டுக் கணக்கில் வரும், அதனால் ஒரே சாலை இரண்டு ஆண்டுகளில் தென்படலாம். இரண்டு முறை பில் போட்டார்களா, ஒரே பில்லின் இரண்டு தவணையா என்பதை வவுச்சர் எண்தான் சொல்லும். அவசரத்தில் தவறான குற்றச்சாட்டு ஒன்றை வைத்துவிட்டால் அடுத்த பத்து சரியான கேள்விகளையும் யாரும் காதில் வாங்கமாட்டார்கள்.

வவுச்சரைப் பார்க்க ஒன்றிய ஊராட்சி அமைச்சகத்தின் இ-கிராம்ஸ்வராஜ் தளம் உதவும். 2020-இல் தொடங்கியது. மாநிலம், மாவட்டம், வட்டாரம், ஊராட்சி, நிதியாண்டு என்று தெரிவு செய்தால் நிதிக்குழு மானியத்தில் என்ன பணி, யாருக்கு, எப்போது பணம் போனது என்பது வரும். கடவுச்சொல் தேவையில்லை. 15-ஆவது நிதிக்குழுவின் 2021-26 காலத்தில் ஊராட்சிகளுக்கான மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் தூய்மைக்கும் என்று ஒதுக்கப்பட்டது, 40 விழுக்காடு மட்டுமே மற்ற பணிக்கு. தளத்தில் அந்த 60-க்குள் பேவர் பிளாக் சாலை நுழைந்திருந்தால் அது தனிக் கேள்வி. ஒன்றை மறக்கக்கூடாது: ஊராட்சியின் சொந்த வரி வருவாயும் மாநில மானியமும் தனித்தனிக் கணக்குகளில் இருக்கும். தளத்தில் தெரிவது ஊராட்சியின் முழுப் படம் அல்ல.

தகவல் மனு: எதைக் கேட்டால் கிடைக்கும்?

தமிழ்நாடு 1997-இலேயே தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்த மாநிலம், நாட்டில் முதல் வரிசை. விலக்குகளின் பட்டியல் மிக நீளமாக இருந்ததால் அதைக் கொண்டு பெரிதாக எதையும் வெளிக்கொணர முடியவில்லை. உண்மையான அழுத்தம் வந்தது ராஜஸ்தானிலிருந்து. மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர், விவசாயிகள் அமைப்பு 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானாவில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. வேலையாட்களின் வருகைப் பட்டியல்களை ஊர்நடுவே உரக்க வாசித்தார்கள். வேலை செய்யாதவர்களின் பெயர்கள் கூலி வாங்கியவர்களாக இருந்ததைக் கேட்ட ஊர்தான் சாட்சியாக எழுந்தது. 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வேர் அங்கே இருக்கிறது. வவுச்சரையும் வருகைப் பட்டியலையும் கேட்பதே இன்றும் அந்தச் சட்டத்தின் மிகக் கூர்மையான பயன் என்பது அதனால்தான்.

மனுவில் பெரும்பாலானோர் எழுதுவது "ஏன்" என்ற கேள்வி. "எங்கள் தெருச்சாலை ஏன் ஆறு மாதத்தில் பெயர்ந்தது?" இதற்குப் பொதுத் தகவல் அலுவலர், அதாவது தகவல் மனுக்களுக்குப் பொறுப்பான அலுவலர், பதில் தரவேண்டியதில்லை. ஏற்கெனவே பதிவில் இருப்பதைத் தருவதுதான் அவர் கடமை, விளக்கமோ கருத்தோ உருவாக்கித் தருவதல்ல. உச்சநீதிமன்றமும் 2011-இல் ஆதித்யா பந்தோபாத்யாய் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. அதே கேள்வியை ஆவணமாக மாற்றி எழுதினால் தப்ப வழியில்லை. "…தெரு சிமெண்ட் சாலைப் பணியின் நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், தரக்கட்டுப்பாட்டுச் சோதனை அறிக்கை, பட்டியல் தொகை வழங்கிய வவுச்சர்கள் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்" என்று ஏழு தாள்களின் பெயர். இவற்றில் எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகம்தான் உயிர்நாடி. பொறியாளர் தம் கையால் நீளம், அகலம், கனம் எழுதிக் கையொப்பமிட்ட பக்கம் அது. சாலையில் இருக்கும் 10 செ.மீ.யும் புத்தகத்தில் இருக்கும் 15 செ.மீ.யும் எதிரெதிரே நிற்கும்போது பதில் சொல்லவேண்டியவர் பெயரோடு தெரிகிறார்.

ஒரு மனுவில் ஒரு பணி, ஒரு நிதியாண்டு. "கடந்த பத்தாண்டு அனைத்துப் பணிகளின் அனைத்து ஆவணங்களும்" என்று கேட்டால், அலுவலகத்தின் ஆள்பலத்தை அளவுக்கு மீறித் திசைதிருப்பும் என்று 7(9) பிரிவைக் காட்டிக் கேட்ட வடிவில் தர மறுப்பார்கள். தாள்கள் மிகுதியாக இருக்கும் என்று தோன்றினால் நகலுக்குப் பதிலாக நேரில் பார்வையிட அனுமதி கேட்பது மேல். 2(ஜே) பிரிவு பார்வையிடவும், குறிப்பெடுக்கவும், பணியில் பயன்பட்ட பொருளின் மாதிரி எடுக்கவும்கூட உரிமை தருகிறது. பார்வையிடுவதில் முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை. கோப்பைப் புரட்டும்போது எந்தப் பக்கம் வேண்டும் என்பது தெரிந்துவிடும், பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டி அதை மட்டும் வாங்கலாம்.

மனுக் கட்டணம் 10 ரூபாய், தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. எதற்காகக் கேட்கிறோம் என்ற சொந்தக் காரணம் எழுதவேண்டியதில்லை, எழுதவும் கூடாது. காரணம் எழுதினால் அதன்மேல் விவாதம் தொடங்கும். ஊராட்சி சார்ந்த மனுவை வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். இடம் மாறிப்போனால் 6(3) பிரிவின்படி ஐந்து நாளுக்குள் அவரே உரியவருக்கு மாற்றவேண்டும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கவேண்டும். தபால் என்றால் சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபால். பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. ஒப்புகை இல்லாத மனுவுக்கு முப்பது நாள் என்பதே தொடங்காது, எந்த நாளிலிருந்து எண்ணுவது?

பதில் எப்படி எப்படியெல்லாம் தவறும்? முப்பதாவது நாள் நெருங்கும்போது "நகல் கட்டணம் செலுத்துக" என்று கடிதம் வரும். அந்தக் கடிதம் புறப்பட்டதிலிருந்து பணம் கட்டும் வரை கெடு ஓடாமல் நிற்கும், ஆகவே தாமதிக்காமல் கட்டவேண்டும். கெடு தாண்டிய பிறகு கட்டணம் கேட்டால் கட்டவேண்டியதில்லை, 7(6) பிரிவின்படி தாமதமான தகவல் இலவசம். "கோப்பு காணவில்லை" என்பது அடிக்கடி வரும் பதில். சட்டத்தின் விலக்குகளில் காணாமல்போவது இடம்பெறவில்லை. தேடிப்பார்த்து, பொறுப்பு யாருடையது என்று விசாரிக்கவேண்டும் என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2013-இல் விஷ்வாஸ் பாம்பூர்கர் வழக்கில் சொன்னதை மேல்முறையீட்டில் குறிப்பிடலாம்.

மூன்றாவது தடை புதியது, கனமானது. தனிநபர் தகவல் என்று மறுக்கும் 8(1)(ஜே) பிரிவை, 2023-இல் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தியது. பழைய பிரிவில் பொது நடவடிக்கைக்குத் தொடர்பில்லாத, அல்லது தேவையின்றி ஒருவரின் அந்தரங்கத்தில் நுழையும் தகவல்தான் மறுக்கத்தக்கது, சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக்கூடாது என்ற துணைவிதியும் இருந்தது. திருத்தம் இரண்டையும் எடுத்துவிட்டது. ஒப்பந்ததாரரின் பெயர், பயனாளிகளின் பட்டியல், வருகைப் பட்டியல் எல்லாவற்றையும் "தனிநபர் தகவல்" என்று மூடிவிட இது வசதியான கதவு. ஜனநாயகத்துக்கு இது நல்ல திருத்தம் என்று யாராலும் வாதிட முடியும் என்று தோன்றவில்லை. எஞ்சியிருப்பது 8(2) பிரிவு: தீங்கைவிடப் பொதுநலன் பெரிது என்றால் விலக்குள்ள தகவலையும் தரலாம். இனி மனுவிலேயே 8(2)-ஐக் குறிப்பிட்டு, பொதுப்பணம் செலவான விதம் என்பதால் பொதுநலன் உள்ளது என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. 10-ஆவது பிரிவின்படி ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் போன்றவற்றை மறைத்துவிட்டு மீதியைத் தருமாறும் கேட்கலாம்.

பதில் இல்லை அல்லது நிறைவில்லை என்றால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, கட்டணமில்லை. அதே அலுவலகத்தில் பொதுத் தகவல் அலுவலருக்கு மேலே உள்ளவர் 30 நாளில், காரணம் எழுதினால் 45 நாளுக்குள், முடிவு சொல்லவேண்டும். அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. ஆணையம் நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அலுவலருக்கு அபராதம் விதிக்கலாம். விதிப்பது அரிது. ஆணையம் வரை போனால் காத்திருப்பு நீளும் என்பதால் முதல் மேல்முறையீட்டிலேயே சண்டையை முடித்துக்கொள்வதுபோல அதைக் கவனமாக எழுதவேண்டும். எந்தத் தாள் வரவில்லை, எந்தப் பிரிவின்படி மறுப்பு செல்லாது என்று வரிவரியாக.

தனியாள் ஒருவர் பெயரில் எல்லா மனுவும் போவது பாதுகாப்பல்ல. இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தியவர்கள் தாக்கப்பட்டதும் கொல்லப்பட்டதும் நாட்டில் நடந்திருக்கிறது. முறைகேட்டை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்க 2014-இல் நிறைவேறிய சட்டம் நடைமுறைக்கு வராமலே கிடந்தது. மனு தனி நபர் பெயரில்தான் போகவேண்டும் என்பதால், சாலைக்கு ஒருவர், குடிநீருக்கு ஒருவர், விளக்குக்கு ஒருவர் என்று ஐந்தாறு பேர் பிரித்துப் போடுவதும், வந்த தாள்களை உடனே பலர் கையில் நகலாக வைப்பதும் வழக்கமாகவேண்டும். ஒரே வீட்டில் இருக்கும் தாளுக்குத்தான் மிரட்டல் வரும்.

கூட்டத்தில் எழுதப்படாதது நடக்காதது

தாள்கள் கைக்கு வந்தபின் அவற்றை வைக்கும் இடம் கிராம சபை. பேச்சால் அங்கே எதுவும் மிஞ்சாது, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதுதான் மிஞ்சும். ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்பதை அங்குள்ள கிராம சபைகளே முடிவுசெய்யட்டும் என்று உச்சநீதிமன்றம் 2013 ஏப்ரலில் சொன்னபோது, பன்னிரண்டு கிராம சபைகள் கூடிப் பன்னிரண்டும் மறுத்தன. சுரங்கம் நின்றது. மதுரை அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் ஏலத்துக்கு எதிராக 2024 நவம்பர் 23 கிராம சபைகளில் தீர்மானங்கள் வந்தன, டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்த நேரத்தில் ஒன்றிய அரசும் மாநில அரசும் 'அவர்கள் முன்பே எதிர்க்கவில்லை', 'நாங்கள் 2023-லேயே கடிதம் எழுதினோம்' என்று மாறி மாறிச் சொன்னதையும் கவனிக்கவேண்டும். யார் சொன்னது சரி என்பதைத் தேதியிட்ட கடிதங்களை வைத்துத்தான் அப்போதும் பார்க்க முடிந்தது.

கூட்டத்துக்குக் குறைவெண் வரம்பு, அதாவது இத்தனை பேராவது வரவேண்டும் என்ற எண்ணிக்கை, உண்டு. மக்கள்தொகை 500 வரை 50 பேர், 501 முதல் 3,000 வரை 100, 3,001 முதல் 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இந்த எண்ணிக்கையை நிரப்பத்தான் வருகைப் பதிவேடு வீடு வீடாகவும் வேலைத்தளங்களிலும் கையெழுத்துக்குப் போகிறது. கூட்டத்துக்குப் போகாதவர் அதில் கையெழுத்திடாமல் இருப்பதே ஒரு பங்கேற்பு. கூட்டத்தில் இருப்பவர்கள் தலைகளை எண்ணி, வருகைப் பதிவேட்டின் கடைசி வரிசை எண்ணோடு ஒப்பிட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம். எண்பது தலையும் இருநூற்றுப் பத்துக் கையெழுத்தும் இருந்தால் அன்றைய தீர்மானங்கள் எல்லாவற்றின் மேலும் கேள்வி விழும்.

இன்னொரு வழக்கம், தீர்மானங்களைப் பிறகு எழுதிக்கொள்வது. வெற்றுப் பக்கங்களில் கையெழுத்து வாங்கிவிட்டு, "எல்லாம் பேசினது எழுதிருவோம்ணே" என்று செயலர் புத்தகத்தை மூடுவார். எழுதி, எண் போட்டு, வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து என்பதில் பத்துப் பேர் உறுதியாக நின்றால் போதும். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே கோடிழுத்துத் தலைவரும் பற்றாளரும் ஒப்பமிட்டதைப் படம் எடுக்கவேண்டும். பற்றாளர் என்பவர் கூட்டத்தைக் கவனிக்க ஊராட்சி ஒன்றியத்திலிருந்து வரும் அரசு ஊழியர். தலைவர் பொருளை ஏற்க மறுத்தால், மறுத்தார் என்பதைப் பற்றாளரின் அறிக்கையில் சேர்க்கும்படி எழுதிக் கொடுத்து நகலில் ஒப்பம் வாங்கலாம். அவர் எழுதாமல் விட்டாலும் அந்த நகல் நம்மிடம் இருக்கும்.

தீர்மானத்தின் வாசகமும் முக்கியம். "சாலைப் பணியில் முறைகேடு நடந்துள்ளதை இந்தச் சபை கண்டிக்கிறது" என்பதை வைத்து எந்த அலுவலரும் எதையும் செய்யமுடியாது. "…தெரு சாலையின் கனம் அளவுப் புத்தகத்தில் 15 செ.மீ. என உள்ளதால், மூன்று இடங்களில் கோர் சோதனை செய்து அறிக்கையை அடுத்த கிராம சபையில் வைக்க உதவிப் பொறியாளரைக் கேட்டுக்கொள்கிறது" என்றால் யார், என்ன, எப்போது என்பது இருக்கிறது. நகலை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பவேண்டும், ஊராட்சிகளின் ஆய்வாளர் அவர்தான். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். பணம் மீட்கவேண்டிய அளவுக்கு ஆதாரம் இருந்தால் உள்ளாட்சி முறைகேட்டுப் புகார்களை விசாரிக்கும், 2014 சட்டப்படியான உள்ளாட்சி முறைமன்ற நடுவரிடம் போகலாம்.

தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாமல் தனி அலுவலர் நிர்வகிக்கும் காலத்திலும் இவை எதுவும் நிற்பதில்லை. 2016 அக்டோபரிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் தமிழ்நாட்டு ஊராட்சிகள் அப்படித்தான் ஓடின, 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் மீண்டும் அதே நிலை வந்தது. கேட்க வார்டு உறுப்பினர்கூட இல்லாத அந்தக் காலத்தின் வவுச்சர்களைத்தான் கூடுதல் கவனத்தோடு பார்க்கவேண்டும்.

எல்லாவற்றையும் நாட்காட்டியில் வைத்துப் பார்த்தால், ஜனவரி 26 கிராம சபையில் செலவுப் பட்டியலைக் கேட்டு, அந்த வாரமே மனு போட்டு அது ஜனவரி 30-இல் சேர்ந்தால், கெடு மார்ச் 1-ஆம் தேதி வாக்கில் முடியும். உரிய நேரத்தில் தாள் வந்தால் மார்ச் 22 கூட்டத்துக்கே கொண்டுபோகலாம். வராவிட்டால், சட்டம் 30 நாள் தந்தாலும், மே 1 கூட்டத்தைப் பிடிக்க மார்ச் 5-க்குள் முதல் மேல்முறையீடு சேரவேண்டும். 45 நாள் முழுவதையும் மேல்முறையீட்டு அலுவலர் எடுத்துக்கொண்டாலும் ஏப்ரல் 19 ஆகிறது. மே 1 கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு அறிவிப்பு வெளியாகவேண்டும், அதாவது ஏப்ரல் 24. நடுவே இருக்கும் அந்த ஐந்து நாளில்தான் பொருளை நிகழ்ச்சிநிரலில் சேர்க்கக் கோரும் மனுவைத் தாள்களின் நகலோடு ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கவேண்டும்.